பாங்குக்குப் பிறகு இரண்டு நிமிடம்

பழைய ஆட்டக்காரர்களை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை தவறிவிட்டேன் என்று யாரும் குறைசொல்ல வேண்டாம். ஒரு விளையாட்டுக்குள் ஏழு வருடம் முந்தி நுழைந்தோம் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாமல், பிந்தி வருகிறவர்களின் தலையில் ஏறி நிற்கிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் ஒருவரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

என் கணவருக்குக் கல்முனை பஸாரில் மின்சாரச் சாமான் கடை. நான் வீட்டில் பெண்கள் மேலே போடுகிற அபாயா தைக்கிறேன். வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இவர் ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பம் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. புதிதாக வந்தவர் என்பதற்காகத்தான் அந்த மரியாதை எல்லாம். ஈரல் பொரித்தால் முதல் துண்டு அவருக்கு, விசிறிக்கு நேரே உள்ள கதிரை அவருக்கு.

அவர் போனில் விளையாடுவது ஒரு கோட்டை விளையாட்டு. ஆளுக்கொரு கோட்டை, அதற்குள் ஒரு களஞ்சியம். களஞ்சியத்தில் சேர்கிற தங்கத்தை வைத்து மதிலை உயர்த்த வேண்டும், படை சேர்க்க வேண்டும், அப்படியே ஒவ்வொரு லெவலாக ஏற வேண்டும். விளையாட்டைத் திறந்து வைத்திருக்கும்வரை உங்கள் கோட்டையை யாராலும் தொட முடியாது. போனைக் கீழே வைத்தீர்களோ, கிட்ட உள்ள எந்தக் கோட்டைக்காரனும் படையோடு வந்து களஞ்சியத்தை அள்ளிக்கொண்டு போகலாம். நாற்பது ஐம்பது பேர் சேர்ந்தால் ஒரு கிளான். ஒரே கிளானில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அடிக்க முடியாது. இவ்வளவையும் அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை, தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“எனக்கும் இத ஒருக்காச் சொல்லித் தாங்களன்.”

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். “இது உனக்குச் சரிவராது புள்ள. இதுக்கு மூள வேணும்.”

மூன்று யார்டு துணியில் கையளவு மிச்சம் விழாமல் ஒரு முழு அபாயா வெட்டுகிறவள் நான். அவரிடம் ஒரு சேட்டுக்குப் பொத்தான் தைக்கக் கொடுத்தால் விரலையும் சேர்த்துத் தைப்பார். அவர் எனக்கு மூளையைப் பற்றிச் சொன்னார். அடுத்த நாள் காலையில், வாடிக்கையாளர்கள் அளவு அனுப்புவதற்காக நான் வைத்திருக்கிற பழைய போனில் அந்த விளையாட்டை இறக்கி, ஒரு ஆணின் பெயரை வைத்துக்கொண்டு, அவர் இருந்த கிளானிலேயே போய்ச் சேர்ந்தேன். அந்தக் கிளானில் நாற்பது ஆண்கள் இருந்தார்கள், பெயருக்குக்கூட ஒரு பெண் இல்லை. என்றைக்காவது அவருக்குச் சமமாக வந்து நிற்பேன், அன்றைக்கு நான் யாரென்று சொல்வேன் என்பது திட்டம்.

புதிய கோட்டைக்கு மூன்று நாள் பாதுகாப்பு உண்டு. அந்த மூன்று நாளும் உலகமே நல்லவர்களால் நிறைந்ததாகத் தோன்றும். நாலாம் நாள் காலையில் போனைத் திறந்தேன், எட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள். களஞ்சியத்தில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. எட்டுப் பேரும் என்னைவிட ஆறேழு லெவல் மேலே உள்ளவர்கள். அவர்களுக்கு என்னுடைய அந்தத் துளித் தங்கம் ஒரு மதில் கல்லுக்கும் காணாது, ஆனாலும் எடுத்தார்கள். கிளானின் அரட்டையில் அழுதேன். வந்த பதில் எல்லாம் ஒரே மாதிரிதான். புதியவனுக்கு அங்கே நூப் என்று பெயர்.

“நூப் எல்லாம் அப்படித்தான் தம்பி. நாங்களும் அடி வாங்கித்தான் வந்த.”

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்கள் வந்த காலத்தில் களத்தில் எல்லோரும் புதியவர்கள். எல்லோர் கையிலும் ஒரே அளவு தடி. நேற்று வந்தவனை நேற்று வந்தவன் அடித்தான், இவர்கள் அடி வாங்கினார்கள், திருப்பி அடித்தார்கள். எனக்கு யாரைத் திருப்பி அடிக்க முடியும்? ஏழு வருட மதிலில் என் படை போய் முட்டினால் அந்த மதிலுக்கு நொந்ததுகூடத் தெரியாது. இதெல்லாம் அவர்களுக்கும் விளங்கும். விளங்காத மாதிரி இருப்பதில் அவர்களுக்கு லாபம் இருந்தது.

நான் ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. எனக்குக் கீழே ஆள் வந்ததும் நானும் அடித்தேன். அளவு கொடுக்க வந்த பெண்ணை உட்காரவைத்துவிட்டு, நேற்றுச் சேர்ந்த யாரோ ஒருவனின் களஞ்சியத்தைக் காலிசெய்த நாளும் உண்டு. அவன் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கவலை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஆனால் எந்த நேரத்தில் அடிக்கலாம் என்பதற்கு ஒரு முறை இருந்தது, அதை நான் மீறவில்லை.

முறை இதுதான். நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கிற பாங்கு சொன்னதிலிருந்து அந்தித் தொழுகையான மஃரிப் தொழுது முடிகிறவரை யாரும் யாரையும் அடிப்பதில்லை. அந்த நேரத்தில் எங்கள் கிழக்குக் கரையோரம் முழுவதும் எல்லோர் கையிலும் ஈச்சம்பழமும் கஞ்சிக் கோப்பையும் இருக்கும், போன் இருக்காது. எங்கள் களத்தில் தம்பிலுவில் பக்கத்துத் தமிழ் ஆட்களின் கிளான் ஒன்றும் இருந்தது. நோன்பில்லாத அவர்கள்கூட அந்த நேரம் எங்கள் கோட்டைகளின் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. யாரும் எழுதி ஒப்பமிட்டது அல்ல, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

போன நோன்பு தொடங்கும்போது நான் ஐந்தாம் லெவலுக்கு வந்திருந்தேன். ஒரு கைத்தையல் முடிந்ததும் ஒரு அடி, ஒரு அபாயா முடிந்ததும் இரண்டு அடி என்று ஏறியது. அப்போது கிளானின் தலைவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவர் அட்டாளைச்சேனைக்காரர், கட்டாரில் வேலை. பெருநாளுக்குப் பிறகு பெரிய போட்டி, அதற்குப் பதினைந்து பேரைப் பெருநாள் அன்று அறிவிப்பேன் என்றார். “பெருநாளைக்கு ஆறாம் லெவல் வராத ஆக்கள் கோவிக்கப்படா. களை புடுங்கத்தான் வேணும்.” அதாவது ஆறாம் லெவலுக்கு ஏறினால் அணியில் இடம் கேட்கலாம், ஏறாவிட்டால் கிளானை விட்டே வெளியே. எனக்கு முப்பது நாள் இருந்தது. கணக்குப் பார்த்தேன், எட்டு நாள் போதும்.

முதல் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து பார்த்தால் களஞ்சியம் காலி. பாங்கு சொல்லிச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஒருவன் வந்து போயிருந்தான். இரண்டாம் நாளும் அவன்தான், அதே இரண்டு நிமிடம். கிளானில் உள்ள மற்றப் புதியவர்களில் ஒருவர் இருவருக்கும் அதே கதி. பழையவர்களை அவன் தொடவில்லை. அவனுடைய விவரத்தில் ஊர் என்று கொழும்புப் பக்கம் மேற்குக் கரையில் ஒரு இடம் போட்டிருந்தது. அரட்டையில் கொதித்து எழுதினேன். பதில் எழுதியவர் கிளானின் உதவித் தலைவர், அதாவது என் கணவர். நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அவர் ஹோலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

“தம்பி, அவன் மேற்குக் கரையான். நமக்குப் பாங்கு சொல்லி ஏழெட்டு நிமிஷம் போகும் அவனுக்குப் பாங்கு சொல்ல. அவன்ட நேரத்துக்கு அவன் அடிக்கான். என்ன செய்யலாம்?”

அது உண்மைதான். சூரியன் எங்களிடம் முந்தி மறைகிறது, கொழும்புப் பக்கம் பிந்தி மறைகிறது. ரேடியோவில் கொழும்புப் பாங்கு போகும்போது நாங்கள் இரண்டாம் கோப்பை கஞ்சியில் இருப்போம். முறையை மீறாமலே முறையை ஏமாற்ற வழி இருந்தது. புதியவர்கள் கொஞ்சம் உதைபடத்தான் வேண்டும் என்று அதற்குக் கீழே இன்னொருவர் சிரிப்பு முகம் போட்டிருந்தார். நான் சட்டியைப் போட்ட போட்டில் அவர் ஹோலிலிருந்து, “என்ன புள்ள, உடஞ்சிட்டா?” என்று கேட்டார்.

போனை அந்த நேரத்தில் திறந்தே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சமோசா எண்ணெயில் கிடக்கும், கஞ்சி கோப்பைகளில் ஊற்ற வேண்டும், பிறகு தொழ வேண்டும். சில நிமிடம் தொடாமல் விட்டால் விளையாட்டு தானாகவே மூடிக்கொள்ளும். அவன் எப்போது வருவான், எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்று தெரியாமல் எத்தனை நேரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது? பகலில் தைத்துத் தைத்துச் சேர்த்ததை எல்லாம் ஒவ்வொரு அந்தியிலும் அவன் அள்ளினான். பதினெட்டு நோன்பு போனது. நான் ஐந்தாம் லெவலிலேயே நின்றேன். முகம் தெரியாத ஒரு மேற்குக் கரைக்காரனை நான் அந்தப் பதினெட்டு நாளும் வெறுத்தேன். நோன்போடு வெறுக்கக் கூடாது என்று தெரிந்தும் வெறுத்தேன்.

பத்தொன்பதாம் நோன்பன்று பகல் முழுவதும் மின்சாரம் போய்ப் போய் வந்தது. பள்ளிவாசலின் மின்கடிகாரத்தை யாரோ திருத்திவைத்ததில் அது ஐந்து நிமிடம் முந்திவிட்டது. எங்கள் மோதினார் அதைப் பார்த்துப் பாங்கு சொல்லிவிட்டார். ஒலிபெருக்கியில் பாங்கு கேட்டால் யார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்? அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த எங்கள் மஹல்லா முழுவதும் ஈச்சம்பழத்தை வாயில் போட்டது. நானும் போனை வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். என் மகள் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக முழு நோன்பு பிடித்திருந்தாள். கஞ்சியில் பாதி முடிந்தபோது அடுத்த மஹல்லாப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. பிறகு எல்லாப் பள்ளிவாசல்களிலும் தொடங்கியது. தெருவில் சத்தம் கிளம்பியது. ஒலிபெருக்கியில் மோதினார் நடுங்குகிற குரலில் மன்னிப்புக் கேட்டு, திறந்தவர்கள் எல்லோரும் இந்த நோன்பை இன்னொரு நாள் ஈடாகப் பிடிக்க வேண்டும் என்று அறிவித்தார். மகள் விம்மி விம்மி அழுதாள். என்ன சொல்லியும் அடங்கவில்லை.

அவளைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனைத் திறந்தேன். களஞ்சியம் காலி. அடி விழுந்த நேரத்தைப் பார்த்தேன். எங்கள் பிழையான பாங்கு சொல்லி இரண்டு நிமிடத்தில். சரியான பாங்குக்கு அப்போது இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அரட்டையில் மற்றப் புதியவர்களிடம் கேட்டேன். யாருக்கும் அடி இல்லை. சாய்ந்தமருதுக்காரன் ஒருவன் எழுதினான்: “அந்த நேரம் எங்கட பள்ளியில பாங்கே சொல்லல்ல. நான் போன்லதான் இருந்த.”

தைக்க எடுத்த துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அச்சடித்த நேரசூசியைப் பார்த்து வருகிறவன் என்றால் அன்றைக்கும் அச்சடித்த நேரத்துக்குத்தான் வந்திருப்பான். எங்கள் பள்ளிவாசல் கடிகாரம் முந்தியது மேற்குக் கரைக்காரனுக்கு எப்படித் தெரியும்? இவன் எங்கள் மோதினாரின் குரலைக் கேட்டு வந்திருக்கிறான். பழையவர்களை விட்டுவிட்டு எங்கள் புதியவர்களை மட்டும் பொறுக்கி அடிக்கிறவன் கிளானுக்குள் இருப்பவனாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் கிளானில் அந்த ஒலிபெருக்கி கேட்கிற தூரத்தில் குடியிருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான்.

அடுத்த நாள் பாங்கு சொன்னது. அவர் ஒரு ஈச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, “உளு எடுத்துட்டு வாறன்” என்று தொழுகைக்குக் கைகால் கழுவ வழமைபோலப் பின்பக்கம் பைப்படிக்குப் போனார். நான் கரண்டியோடு பின்னாலேயே போனேன். பைப் பூட்டிக் கிடந்தது. கல்லில் குந்தியிருந்தார், கால் இரண்டும் காய்ந்திருந்தன. கையில் போன். அதில் எரிந்துகொண்டிருந்தது என் கோட்டை. என் மதில், மூலையில் நான் ஆசைக்கு நட்ட மரம், எல்லாம் தெரிந்தது. இரண்டாவதாக ஒரு பொய்க் கோட்டையைக் கட்டி, அதற்கு மேற்குக் கரை என்று ஊர்போட்டு, தன்னை நம்பித் தன் கிளானில் சேர்ந்த புதியவர்களையே அவர் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஈச்சம்பழக் கொட்டை இன்னும் இருந்தது.

“என்ன புள்ள?” என்று திடுக்கிட்டுப் போனைக் கவிழ்த்தார்.

“ஒண்டுமில்ல. கஞ்சி ஆறுது.”

கத்தியிருக்கலாம். கத்தினால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும், ஆறாம் லெவலும் சேர்த்து. எனக்கு அந்த இடம் வேண்டும். கொள்ளைக்காரன் யாரென்று தெரிந்தால் அவன் எப்போது தொழப்போவான் என்பதும் தெரியும். பாங்கிலிருந்து அவர் பள்ளிவாசலுக்குப் புறப்படுகிறவரை பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் ஒரு கையால் கஞ்சி ஊற்றினேன், மற்றக் கையால் முந்தானைக்குள் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் தெரு முனையைத் தாண்டியதும் போனை வைத்துவிட்டுத் தொழுதேன். முதல் நாள் பைப்படியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கஞ்சியில் உப்புக் கூட என்றார். இரண்டாம் நாள் இஞ்சி காணாது என்றார். மூன்றாம் நாள் சமோசாவைப் பிய்த்துப் பார்த்து, “இதென்ன சாமானா?” என்றார். அவருக்குக் குறை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு குறைக்கும் வயிறு குளிர்ந்தது. இருபத்தெட்டாம் நோன்பன்று நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு என் மதில் ஆறாம் லெவலுக்கு உயர்ந்தது.

பெருநாள் தொழுகை முடிந்து அவர் வெள்ளை உடுப்போடு ஹோலில் இருந்தார். நான் குசினியில் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தேன். தலைவரின் குரல் செய்தி வந்தது. பதினைந்து பேர், பதினைந்தாவது நான். கத்தியைக் கீழே வைத்தேன். ஏழு மாத உழைப்பு, யாரும் கைதூக்கிவிடாமல் ஏறியது. கண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் அடுத்த குரல் செய்தி வந்தது. என் போனிலும் கேட்டது, ஹோலிலிருந்து நேராகவும் கேட்டது.

“அந்தப் பதினஞ்சாம் தம்பிய வளத்தது நான்தான். உதபட்டு உதபட்டு வளரட்டும் எண்டுதான் நான் ஒண்டும் செய்யாம உட்ட. இப்ப பாருங்க, எப்படி வந்திரிக்கான்!”

கொள்ளையடித்ததைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. கொள்ளையடித்துவிட்டு அதை வளர்ப்பு என்று சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும். பதினஞ்சாம் ஆள்தான் கதைக்கன். நான் பொம்புள. உங்கட உதவித் தலைவர்ட பொஞ்சாதி. அவர் என்ன வளக்கல்ல. நோன்பு நாளையில பாங்கு சொல்லி ரெண்டு நிமிஷத்தில என்ட களஞ்சியத்த அள்ளினது அவர்தான். மேற்குக் கரையான் எண்டு ஒருத்தனும் இல்ல. அது அவர்ட ரெண்டாங் கோட்ட.”

ஹோலில் என் குரல் ஒலித்து முடிந்தது. அடுத்துத் தலைவர் பேசினார். குரலில் தேன் வடிந்தது. “தங்கச்சி, பெருநாளும் அதுவுமா மனசுல வெச்சிக்காதீங்க. ரெண்டாங் கோட்ட எல்லாப் பழைய ஆக்கள்ட்டயும் இரிக்கி. ஆனா பொம்புள ஆக்கள் இரிந்தா பொடியன்மாருக்குக் கதைக்கேலா. உங்கட வீட்டு விசயம், நான் உதவித் தலைவர்ட்டயே உடுறன்.”

நான் குசினி வாசலுக்கு வந்து நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அசைந்தது. என் போன் ஒருமுறை அதிர்ந்தது: நீங்கள் கிளானிலிருந்து நீக்கப்பட்டீர்கள். நீக்கியவரின் பெயரும் கீழே இருந்தது.

என் வீட்டில், என் வாப்பா கட்டிய சுவருக்குள் இருந்துகொண்டு, எட்டடி தூரத்தில் நிற்கிற என்னை அவர் வெளியே போட்டார். எனக்கு அழுகை வரவில்லை. போனைப் பார்த்தேன். கிளான்தான் போயிருந்தது, ஆறாம் லெவல் மதில் அப்படியே நின்றது. அதை நீக்க எந்தத் தலைவருக்கும் அதிகாரம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செய்தி வந்தது. தம்பிலுவில் கிளானின் தலைவர். செய்தி அதற்குள் எப்படிப் போனதோ தெரியாது, எங்கள் கிளானில் யாராவது ஒருவர் அவருக்கு உறவாகவோ வாடிக்கையாளராகவோ இருந்திருக்கலாம். “அக்கா, எங்களிட்ட இடமிருக்கு. வாறதெண்டா வாங்க. போட்டியில முதல் சண்டை உங்கட பழைய ஆக்களோடதான்.”

என் கணவர் எழுந்து வந்தார். “மானத்த வாங்கிப்போட்டாய்” என்றார். நான் வட்டிலப்பத்தைத் தட்டில் வைத்து நீட்டினேன். வாங்கினார், சாப்பிடவில்லை. அவர் கண் என் கையில் இருந்த போனுக்குப் போனது.

“இப்ப எந்தக் கிளானுக்குப் போறாய்?”

கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் ஆட்டத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. குரல் தாழ்ந்திருந்தது. பயந்த குரல் அது, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“சொல்லமாட்டன்” என்றேன். “சாப்பிடுங்க.”